ஒரே உறை, தினமொரு மெத்தை

அந்த மெத்தைக் கடைக்குள் நுழைபவரிடம் யாரும் முதலில் கட்டிலின் அளவைக் கேட்பதில்லை. "எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க?" என்றுதான் கேட்பார்கள். கேட்பவர் மெத்தையக்கா. பாதி ஆண்களுக்குப் பதில் தெரியாது. மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். மனைவி தலையணை அடுக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்: "குப்புறத்தான். கேட்டா ஒத்துக்க மாட்டாரு."

அடுத்து, செருப்பைக் கழற்ற வேண்டும், படுக்க வேண்டும், வாயை மூட வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். அக்கா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலையணை உறைகளை மடிப்பார். படுத்தவர் கூரையைப் பார்ப்பார், மின்விசிறியைப் பார்ப்பார், தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியே தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்ப்பார். பார்க்க வேண்டியதெல்லாம் தீர்ந்த பிறகு, தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு விடுவார். அக்கா காத்திருந்தது அதற்குத்தான். வந்து, அவர் இடுப்புக்குப் பக்கத்தில் மெத்தையை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துவார். "இது வேண்டாம், எந்திரிங்க" என்பார். அல்லது, "இன்னும் கொஞ்ச நேரம் படுங்க, அவசரம் இல்ல" என்பார். இரண்டாவதைச் சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அப்படி வாங்கிப்போன யாரும் மெத்தையைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

கடை நாத்தனாருடையது. அக்காவின் கணவருக்குத் தங்கை. அவர் வீட்டிலும் கடையிலும் ஒரே மாதிரி "அண்ணி" என்றுதான் கூப்பிடுவார். அக்காதான் கடை வாசலைத் தாண்டியதும் "முதலாளியம்மா" என்று மாற்றிக்கொள்வார்.

"பேருக்குத்தான் முதலாளியம்மா. என் பேச்ச இங்க யாரு கேக்கறீங்க?" என்பது நாத்தனாரின் வழக்கமான பதில். கோபத்துக்கும் பாசத்துக்கும் அவரிடம் ஒரே குரல்தான் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

கடைக்குப் பின்னால் பட்டறை. அங்கே இருப்பவர் கோந்தண்ணன். ஃபோம், லேட்டக்ஸ் ரப்பர், தேங்காய் நார் என்று அடுக்கடுக்காக வெட்டிப் பசை தடவி ஒட்டுவது அவர் வேலை. சட்டைக் கையிலும் மீசையிலும் காய்ந்த பசை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. காலையில் கடை திறந்ததும் அவருக்கும் அக்காவுக்கும் ஒரு பந்தயம் நடக்கும். அவர் ஏதாவது அடுக்குகளைச் சேர்த்து உறை போட்டு வைப்பார். அக்கா அதன்மேல் படுத்துக் கண்ணை மூடி, உள்ளே இருப்பதை மேலிருந்து கீழாகச் சொல்ல வேண்டும்.

"மேல ரெண்டு விரல் லேட்டக்ஸ். நடுவுல இருக்கறது பழைய ஃபோம், புதுசுன்னு ஏமாத்தப் பாக்கறீங்க. அடியில நார்."

"ரெண்டு விரல் இல்ல, ஒண்ணேமுக்கால்."

"கால் விரலுக்கெல்லாம் டீயைக் குறைக்க முடியாது. போய் வாங்கிட்டு வாங்க."

தோற்றவர் டீ வாங்க வேண்டும். கோந்தண்ணன் இத்தனை வருஷத்தில் வாங்கிய டீயைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு குளமே நிரம்பியிருக்கும்.

இந்த அக்காவுக்குத்தான் வலி வந்தது.

முதலில் தோளில் வந்தது. மெத்தை தூக்கியதால் என்றார்கள். பிறகு இடுப்பு; வயசு என்றார்கள். பிறகு முழங்கை, தொடை, கழுத்து, தாடை. ஒரு கட்டத்தில் "எங்க வலிக்குது?" என்ற கேள்விக்கு அக்காவிடம் ஒரு சுருக்கமான பதில் தயாராக இருந்தது: "வலிக்காத இடத்தச் சொல்றேன், அதுதான் சீக்கிரம் முடியும். மூக்கு நுனி." இரவு தூங்குவார். ஆனால் காலையில் எழும்போது, ராத்திரி முழுக்க யாரோ தன்னைத் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டதுபோல இருக்கும். பேச்சில் வார்த்தைகள் நழுவ ஆரம்பித்தன. ஒருநாள் வாடிக்கையாளர் முன்னால் நின்றுகொண்டு, எதிரே மலைபோலக் குவிந்திருந்த தலையணைகளைக் காட்டி, "அந்த... தலைக்கு வெப்போமே, அது" என்றார். வந்தவர் சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டு, பட்டறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றார்.

ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்றார்கள். ஒவ்வொரு முறை அந்தச் சொல்லைக் கேட்கும்போதும் கணவரின் முகம் மலரும், அக்காவின் முகம் வாடும். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஒருநாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சின்னக் கோளாறுகூடவா இருக்கக் கூடாது எனக்கு?"

கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவு செய்யும் தச்சர் அவர். அளந்து பேசுகிற ஆள். "இருக்கும். விடாம தேடுவோம்" என்றார். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார். அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து, விலா எலும்பு வலித்தது.

கடைசியில் ஒரு டாக்டரம்மா முழுக்கதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உடம்பில் இங்கும் அங்கும் அழுத்திப் பார்த்தார். பழைய படங்களையெல்லாம் புரட்டினார். பிறகு பெயரைச் சொன்னார்: ஃபைப்ரோமயால்ஜியா. கணவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துப் பாதி வழியில் விட்டுவிட்டார்.

"உங்க சொந்தத்துல, ஒண்ணு நடந்தா பத்து நடந்த மாதிரி சொல்ற அத்தை யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எங்க பக்கத்துலயே மூணு பேர் இருக்காங்க" என்று கணவர் முந்திக்கொண்டார்.

"உங்க நரம்பு அந்த அத்தை மாதிரி ஆயிடுச்சு. லேசா பட்டாலும் மூளைகிட்ட போய்ப் பெருசாச் சொல்லுது. வலி நிஜம். நீங்களா கற்பனை பண்ணிக்கறது இல்ல. ஆனா எலும்பு தேயுது, சதை கெட்டுப்போகுதுன்னு பயப்படாதீங்க. முழுசாப் போயிடும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. இத வெச்சுக்கிட்டே நல்லா வாழலாம்னு சொல்ல முடியும்."

ஒரு மாத்திரை. தினம் கொஞ்சம் நடை, வாரம் போகப்போகக் கொஞ்சம் கூடுதல். ஒரே நேரத்துக்குப் படுக்கை. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யக் கூடாது. அடுத்த மூன்று நாள் வட்டியோடு வாங்கிவிடும். இவ்வளவுதான் வைத்தியம்.

அன்று முதல் வீட்டில் நோய்க்குப் பெயர் அத்தையானது. "அத்தை எப்படி இருக்காங்க?" என்று மகள் காலையில் கேட்பாள். "எந்திரிச்சுட்டாங்க. எனக்கு முன்னாடியே" என்பார் அக்கா. வந்த விருந்தாளி போகிற வழியாக இல்லை என்று தெரிந்ததும் வீடு இடம் ஒதுக்கிக் கொடுக்குமல்லவா, அப்படி ஒதுக்கிக் கொடுத்தது. கணவர் புரண்டு படுத்தாலே அக்காவுக்கு வலித்ததால் ஒட்டிப் போட்டிருந்த இரண்டு ஒற்றைக் கட்டில்களும் பிரிந்தன. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். டப்பா மூடிகளை யாரும் இறுக்கி மூடுவதில்லை. மகள் வந்து கட்டிக்கொள்வதற்கு முன்னால், "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்பாள். "முழுசா", "பாதி", "கை மட்டும்" என்று அக்கா அளவு சொல்வார். மாடிப்படியில் நடுவில் நின்று ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார். வேடிக்கை பார்க்க அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலை போட வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார்.

கைக்கடிகாரம்தான் முக்கியம். மோசமான நாளில் அதன் பட்டைகூட மணிக்கட்டில் பாரமாக இருக்கும், மேசையிலேயே வைத்துவிடுவார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தால் அன்று யாரும் எதுவும் கேட்பதில்லை. அவரவர் வேலையை இரண்டு மடங்கு சத்தமில்லாமல் செய்வார்கள்.

கடையில் நாத்தனார் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். மெத்தைகளுக்கு நடுவே, நல்ல முதுகுச்சாய்வோடு.

"இது எதுக்கு முதலாளியம்மா?"

"அழகுக்கு. உக்காந்தா என்ன, கிரீடம் கீழ விழுந்துடுமா?"

அக்கா உட்காரவில்லை. படுத்திருப்பவர் முன்னால் விற்பவர் உட்காரக் கூடாது என்பது அவராகப் போட்டுக்கொண்ட சட்டம். மடித்த தலையணை உறைகளை அந்த நாற்காலியில் அடுக்கி வைத்தார். நாத்தனார் தினம் அதை எடுத்துக் காலி செய்வார். அக்கா தினம் அடுக்குவார்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அன்பு எல்லை மீறியது.

தெரிந்தவர்கள் எல்லாருமே வைத்தியரானார்கள். எண்ணெய், ஒத்தடம், காந்தப் பட்டை, செம்புக் காப்பு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கசாயத்தைப் பாட்டிலோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அக்கா குடித்து முடிக்கும்வரை நகரவில்லை. அன்றைக்கு அக்கா வீட்டாரை நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்: "இனிமே யாராச்சும் எனக்கு வைத்தியம் சொன்னீங்கன்னா, நான் தலையணையத் தூக்கிட்டுப் போய்க் கடையிலயே படுத்துக்குவேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். சொல்வதைத்தானே தடுத்தார், செய்வதை இல்லையே என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்தார்கள்.

மெத்தைக் கடைக் குடும்பம் அல்லவா? வேறு குடும்பமாக இருந்தால் கோயில், குளம், ஜோசியர் என்று போயிருப்பார்கள். இவர்கள் கை நேராக மெத்தைக்குத்தான் போனது. அக்காவின் மெத்தை அவரே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, கோந்தண்ணன் ஒட்டியது, நீலக் கட்டம் போட்ட உறையை ஜிப் வைத்து அக்காவே தைத்திருந்தார். வலி வந்த பிறகு மெத்தையைத் தூக்கி விரிப்பு மாற்றும் வேலையை மகள் எடுத்துக்கொண்டதால், உறைக்கு உள்ளேயும் மெத்தைக்கு அடியிலும் அக்கா பார்ப்பதே இல்லை.

கணவருடைய கட்சி, உறுதி. "தரையில படுத்தவன் எவனாவது முதுகு வலின்னு சொல்லிக் கேட்டிருக்கியா?" என்று கோந்தண்ணனிடம் கேட்டார். அவனவன் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான் என்று கோந்தண்ணன் சொல்லுமுன், கட்டிலின் அளவுக்கு ஒரு பலகையை இழைத்து முடித்துவிட்டார். ஒரு திங்கட்கிழமை அது மெத்தைக்கு அடியில் போனது.

நாத்தனாருடைய கட்சி, மென்மை. தொட்டாலே வலிக்கிற உடம்புக்கு மேகம் மாதிரி இருக்க வேண்டும். அண்ணி கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, தன்னிடமிருந்த சாவியால் வீட்டைத் திறந்து, உறையின் ஜிப்பை இழுத்து, ஒரு மெதுமெதுப்பான ஃபோம் துண்டை உள்ளே விட்டார். பட்டறையில் மீந்த துண்டு. தலைமாட்டிலிருந்து இடுப்பு வரைதான் எட்டியது. போதும் என்று நினைத்தார்.

மகளுடைய கட்சிக்கு ஃபோன்தான் ஆதாரம். படித்ததையெல்லாம் கூட்டிக் கழித்து, மேலே ஒட்டாமல் விரித்திருக்கும் லேட்டக்ஸ்தான் சூட்டைப் பிடித்துவைத்து அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று முடிவு செய்தாள். அதை உருவி எடுத்துத் தன் கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்தாள். உருவும்போது உள்ளே ஒரு புதுத் துண்டையும் அடியில் ஒரு பலகையையும் பார்த்தாள். அப்பா ஏதோ தெரியாமல் செய்திருக்கிறார் என்று இரண்டையும் எடுத்துவிட்டாள். இரண்டு நாளில் பலகையைக் காணோம் என்று கணவர் திரும்ப வைத்தார். துண்டைக் காணோம் என்று நாத்தனார் வேறு துண்டு கொண்டுவந்தார். கேட்டால் தன் திருட்டும் வெளியே வந்துவிடும் என்பதால் யாரும் யாரையும் கேட்கவில்லை. மூன்று பேரும் செய்ததைக் கோந்தண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். மூன்று பேரும் தனித்தனியாக அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். பாவம், வாயையும் பசை போட்டு ஒட்டிக்கொண்டார்.

அக்கா காலையில் எழுந்து கேட்பார்: "மெத்தைய யாராச்சும் தொட்டீங்களா? பாறைல படுத்த மாதிரி இருக்கு."

"அதே மெத்தைதான்" என்பார் கணவர், செய்தித்தாளுக்குள் முகத்தை விட்டபடி.

அடுத்த வாரம்: "சேத்துல முங்கின மாதிரி இருக்குடி. உள்ள ஏதாவது பண்ணியா?"

"நான் ஏம்மா பண்ணப் போறேன்? விரிப்பு மட்டும்தான் மாத்தினேன்."

நாத்தனாரிடம் சொன்னால், "நீங்களே தெச்ச உறை, அதுல யாரு கை வெக்கப் போறா?" என்பார். ஒருநாள் கணவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "அது அத்தையோட வேலை. அவங்க பேச்ச ரொம்ப நம்பாத."

சும்மா சமாளிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா சொன்னவற்றில் வலி நிஜம் என்பது மறந்துபோய், ஒன்றைப் பத்தாகச் சொல்லும் என்பது மட்டும் மனதில் நின்றது. வலியை அக்கா எப்படியோ பொறுத்துக்கொள்வார். ஆனால் அவர் உடம்புதான் அவருடைய தொழில். படித்தது அதிகமில்லை, கணக்கு வராது, பேச்சுச் சாமர்த்தியமும் கிடையாது. இருந்தது ஒரு முதுகும் ஓர் உள்ளங்கையும். அவை இரண்டும் இல்லாததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால், கடையில் அவருக்கு என்ன இடம்?

காலைப் பந்தயத்தை முதலில் நிறுத்தினார். "இன்னிக்கு வேண்டாம், அத்தை கூடவே வந்திருக்காங்க" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். பிறகு கோந்தண்ணன் கேட்பதை விட்டுவிட்டார். டீ இல்லாமல் பட்டறை ஒரு மாதிரியாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். நல்ல ஆகிருதி, பேச்சில் நிதானம். படுத்தார், கூரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். அக்கா உள்ளங்கையை வைத்து அழுத்தினார். இவருக்கு இது போதாது, இன்னும் உறுதியானது வேண்டும் என்று கை சொன்னது. அக்கா கையை எடுத்துப் பார்த்தார். நீதானே பெரிதுபடுத்துகிற ஆள், உன் பேச்சில் பாதியைத் தள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நேரம் படுங்க, அவசரம் இல்ல" என்றார்.

டிரைவர் அந்த மெத்தையை வாங்கிப் போனார். அடுத்த வாரமே வண்டியில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். சண்டை போடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. பள்ளத்துல விழுந்த மாடு மாதிரி கெடக்கறேன். காலையில வீட்டுக்காரி வந்து கை குடுத்துத் தூக்க வேண்டியிருக்கு. அவ தூக்கற ஆளும் இல்ல."

அக்கா சொல்லி விற்ற மெத்தை திரும்பி வந்தது அதுவே முதல் முறை. நாத்தனார் அதை வாங்கி உள்ளே போட்டார். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க, வேற பாத்துத் தர்றோம்" என்று டிரைவரை அனுப்பி வைத்தார். அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். நாத்தனார் திட்டாமல் விட்டதுதான் உறைத்தது.

மறுநாள் காலை அக்கா வெறும் மணிக்கட்டோடு வந்தார். நேராகப் பட்டறைக்குப் போனார். கோந்தண்ணன் பசை தடவிக்கொண்டிருந்தார். நாத்தனார் வந்த சரக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளியம்மா, வேற ஆளப் பாருங்க. நான் நின்னுக்கறேன்."

நாத்தனார் நிமிரவில்லை. "ஒரு மெத்தை திரும்பி வந்ததுக்கா? செருப்புக் கடையில தினம் திரும்பி வருது, அவன் என்ன கடைய மூடிட்டானா?"

"அதுக்கு இல்ல."

"முடியலன்னா அந்த நாற்காலில உக்காருங்க. உக்காந்தா குத்துதா?"

"நிக்க முடியாம போகல. என் உடம்பு பொய் சொல்ல ஆரம்பிச்சுடுச்சு. அத நம்பி ஒருத்தருக்கு எப்படி விக்கறது?"

"யாரு சொன்னா, பொய் சொல்லுதுன்னு?"

"என் மெத்தை சொல்லுது. கோந்தண்ணன் ஒட்டினது, நான் உறை தெச்சது. எத்தன வருஷமா படுக்கறேன். திங்கக்கிழமை படுத்தா அடியில கதவு வெச்ச மாதிரி இருக்கு. புதன்கிழமை அதே மெத்தை மேல நாலு விரலுக்கு உள்ள இழுக்குது, அதுவும் தலைமாட்டுலேருந்து இடுப்பு வரைக்கும்தான், கால் பக்கம் இல்ல. வெள்ளிக்கிழமை மேல இருந்த லேட்டக்ஸே காணாமப் போயிடுது. உங்க மூணு பேரையும் கேட்டாச்சு. யாரும் தொடலன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் யாரு பொய் சொல்றது? நான்தானே?"

நாத்தனாரின் கை சரக்கு மூட்டையின் மேல் அப்படியே நின்றது. தலைமாட்டிலிருந்து இடுப்பு வரை. அதை வெட்டியது யார், உள்ளே விட்டது யார் என்று அவருக்குத் தெரியும். கதவும் லேட்டக்ஸும் மட்டும் புரியவில்லை.  

அதற்குள் கோந்தண்ணனின் குரல் கேட்டது. பந்தயப் பழக்கம் லேசில் விடாது.

"நாலு விரல் இல்லம்மா. மூணரை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பசை பிரஷ் கீழே விழுந்தது.

அக்கா மெதுவாகத் திரும்பினார். "எது மூணரை?"

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார் கோந்தண்ணன். "மூணு பேருக்கு."

"மூணு பேரா?" என்றார் நாத்தனார். அப்போதுதான் அவருக்கும் விஷயம் முழுதாகப் புரிந்தது.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பலகை, துண்டு, உருவிய லேட்டக்ஸ், எடுத்தது, திரும்ப வைத்தது. கோந்தண்ணன் அடுக்குகளைப் போலவே மேலிருந்து கீழாக, வரிசை தப்பாமல் சொன்னார். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் மெத்தைக் கட்டுகளில் ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டார். சிரிப்பார் என்று கோந்தண்ணன் எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஒரு மாசம்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "ஒரு மாசமா என் உடம்ப நானே திட்டிக்கிட்டுக் கெடந்தேன். அது ஒவ்வொரு நாளும் சரியாத்தான் சொல்லியிருக்கு. வலிய நீங்க யாரும் குடுக்கல, அது தானா வந்தது, விடுங்க. ஆனா என் கைய என்கிட்டேருந்து பிடுங்கிட்டீங்களே."

நாத்தனார் எதிரே வந்து நின்றார். கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் வழக்கம்போல அதட்டியது. "தப்புதான் அண்ணி. பெரிய தப்பு. அதுக்காக என்ன பண்ணணும்ங்கறீங்க, சொல்லுங்க. பண்றேன். வேலைய விட்டு நிக்கறேன்னு மட்டும் சொன்னீங்க, நடக்கறதே வேற."

"சாயங்காலம் உங்க அண்ணனையும் என் பொண்ணையும் கடைக்கு வரச் சொல்லுங்க" என்றார் அக்கா. பிறகு கோந்தண்ணனைப் பார்த்தார். "மூணரையா?"

"மூணரைதான். நானே வெட்டினேன்."

"எனக்கு நாலா பட்டுச்சு. அத்தை அரை விரல் கூட்டிச் சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான்." இப்போதுதான் முகத்தில் சிரிப்பின் நிழல் வந்தது. "கூட்டித்தான் சொல்றாங்க. இல்லாததச் சொல்லல."

மாலையில் கணவர் இழைப்புத் தூள் ஒட்டிய சட்டையோடும், மகள் பையில் சுருட்டிய லேட்டக்ஸோடும் வந்தார்கள். ஃபோனிலேயே சேதி போய்விட்டது. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

"பலகைய எடுத்தது நீதானா?"

"நீங்க வெச்சதாலதானே எடுத்தேன்."

"ரெண்டு பேரும் செருப்பக் கழட்டுங்க" என்றார் அக்கா. "முதலாளியம்மா, நீங்களும்தான். ஆளுக்கொரு மெத்தை. படுங்க. வாய மூடுங்க."

"நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்று ஆரம்பித்தார் கணவர்.

"வாய மூடுங்கன்னா உங்களையும் சேத்துத்தான்."

மூவரும் படுத்தார்கள். தெருவில் போனவர்கள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு போனார்கள். அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு உறைகளை மடிக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து நின்ற கால். முழங்காலிலிருந்து கழுத்து வரை உடம்பு பத்து வாயால் பேசியது. நாற்காலியில் அடுக்கியிருந்த உறைகளைப் பார்த்தார். எடுத்துத் தலையணை அடுக்கின்மேல் வைத்தார். உட்கார்ந்தார். கிரீடம் எதுவும் விழவில்லை. படுத்திருந்த நாத்தனார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில் டிரைவர் வந்தார். வரிசையாகப் படுத்திருந்தவர்களைப் பார்த்து வாசலிலேயே தயங்கினார்.

"கடை மூடிட்டீங்களாக்கா?"

"இல்ல, வாங்க. இவங்கெல்லாம் ரொம்ப அலுத்துப்போய் வந்திருக்காங்க. நீங்க இந்தப் பக்கத்து மெத்தையில படுங்க."

டிரைவர் படுத்தார். அக்கா நாற்காலியிலிருந்து எழவில்லை. உட்கார்ந்தபடியே சாய்ந்து, பெருமூச்சு வந்ததும் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அழுத்தும்போது மணிக்கட்டில் சுரீரென்றது. கையை எடுக்கவில்லை. அந்தச் சுரீருக்குக் கீழே, வழக்கமான இடத்தில், வழக்கமான பதில் இருந்தது. "இது இல்ல. அடுத்தது" என்றார். நாற்காலிக்கு மறுபக்கம் இருந்த அடுத்ததில் அவர் படுத்ததும் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் படுங்க. அவசரம் இல்ல."

டிரைவர் தலையைத் தூக்கினார். "போன தடவையும் இதேதான் சொன்னீங்க."

"போன தடவை வாய் சொல்லுச்சு. கை வேற சொல்லுச்சு, நான் கேக்கல. இது கை சொல்றது."

"இதுல படுத்தா முதுகு வலி போயிடுமா?"

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குப் போயிடும் என்று சொல்லி விற்றிருக்கிறார்.  "போகும்னு சொல்ல மாட்டேன். காலையில யாரும் கை குடுக்காம எந்திரிப்பீங்க. அதுக்கு நான் பொறுப்பு."

டிரைவர் தலையைத் திரும்பச் சாய்த்துக்கொண்டார். அதுவே போதும்போலிருந்தது.

கணவரிடமிருந்து குறட்டை ஆரம்பித்தது. மகள் ஒருக்களித்து, அம்மா இருக்கும் பக்கமாகக் கையை நீட்டிப் படுத்திருந்தாள். நீட்டியிருந்த விரல்களில் ஒன்றை அக்கா தொட்டார். இன்றைக்கு அளவு அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் மெத்தையைப் பிரிக்க வேண்டும்; எதை வைப்பது, எதை எடுப்பது என்று இந்த முறை அவரே படுத்துப் பார்த்துச் சொல்வார், மற்ற மூவரும் சுமப்பார்கள். வலி நாளைக்கும் அவருக்கு முன்னால் எழுந்துகொள்ளும். எழட்டும்.

கோந்தண்ணன் தெருவிலிருந்து இரண்டு டீயோடு வந்தார். யாரும் பந்தயம் கட்டவில்லை, ஆனாலும் வாங்கி வந்திருந்தார். அப்போது எங்கிருந்தோ ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. அக்கா பழக்கத்தில் உள்ளங்கையை விரித்தபடி, படுத்திருந்த நால்வரையும் பார்த்தார். ஒருவர் குறட்டையில் இருந்தார், மற்றவர்கள் மூச்சு காட்டவில்லை.

"யாரு விட்டது?"

"நீங்கதான்" என்றார் கோந்தண்ணன், டீயை நீட்டியபடி.

அக்கா நாற்காலியின் முதுகை ஒருமுறை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"அப்போ இது இங்கேயே இருக்கட்டும்" என்றார்.